அண்ணியின் சமையலறை ஈக்கள்

ஈ என்றால் ஈ, அதில் என்ன வித்தியாசம் என்று கேட்கிறவர்கள்தான் உலகத்தில் அதிகம். தட்டில் உட்கார்ந்தால் விரட்டுவார்கள், கண்ணாடியில் உட்கார்ந்தால் செய்தித்தாளைச் சுருட்டுவார்கள். அதற்குமேல் அதனோடு அவர்களுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. டயர் கடைக்கு மேல் மாடியில், ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருக்கும் ஈயக்காவுக்கு அந்தச் சலுகை இல்லை. ஈயைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் அவள் வேலை.

அது ஒரு பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனம். ரொட்டிக் கூடங்கள், விடுதிகள், ஆலைகள் என்று சமைக்கிற இடங்களிலெல்லாம் அவர்கள் ஒரு நீல விளக்கை மாட்டியிருப்பார்கள். வெளிச்சத்தைத் தேடி வரும் ஈ, விளக்குக்குப் பின்னாலிருக்கும் பசை அட்டையில் ஒட்டிக்கொள்ளும். வாரம் முடிந்ததும் அட்டைகள் பெட்டியில் அடுக்கப்பட்டு ஈயக்காவின் மேசைக்கு வரும். எந்த ஈ, எங்கிருந்து வந்திருக்கும், என்ன செய்ய வேண்டும் என்று அட்டையின் கீழே அவள் இரண்டு வரி எழுத வேண்டும்.

அவள் அங்கே சேர்ந்தது தொலைபேசி எடுக்க. அதிகம் அடிக்காத தொலைபேசி. சும்மா இருக்க முடியாமல் பக்கத்து மேசை அட்டைகளை எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். அந்த மேசைக்காரர் வேறு வேலை தேடிப் போனபோது பூதக்கண்ணாடி இவள் கைக்கு வந்துவிட்டது. அதோடு பெயரும் மாறியது. வீட்டில் வைத்த பெயரை இப்போது அவளே யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

ஒன்றைப் போல ஒன்று இருப்பதில் ஈக்களை மிஞ்ச ஆளில்லை. முதுகில் நான்கு கருங்கோடு என்றால் வீட்டு ஈ. மூன்று கோடும், வயிற்றில் சதுரங்கப் பலகையும் என்றால் இறைச்சி ஈ. வீட்டு ஈக்குக் கூடப்பிறந்தது போல இன்னொன்று இருக்கிறது. ஆனால் முகத்துக்கு முன்னால் ஊசி மாதிரி ஒரு வாய் நீட்டிக்கொண்டிருக்கும். வீட்டு ஈ நக்கும், அது குத்தும். தெருமுனைத் தையல்காரர் ஒருநாள் தீப்பெட்டிக்குள் ஒரு ஈயை அடைத்துக்கொண்டு வந்தார்.

"அக்கா, மிஷின்ல உக்காந்தா கணுக்கால்லயே வந்து கடிக்குது. ஈ கடிக்குமா? சொன்னா பொண்டாட்டி சிரிக்கறா."

ஈயக்கா பெட்டியைத் திறந்து பார்த்தாள். "இது கடிக்கும். மூஞ்சிய பாருங்க. பக்கத்துல யாராவது மாடு கட்டியிருக்காங்களா?"

"பின்பக்கம் ஒரு கொட்டகை இருக்கு."

"அங்க நனைஞ்ச வைக்கோல அள்ளச் சொல்லுங்க. உங்க கால் மேல தப்பு இல்ல."

தையல்காரர் தீப்பெட்டியைச் சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு, மனைவியிடம் காட்டப் போனார்.

ஈயின் பெயர் தெரிந்தால் அது பிறந்த இடம் தெரியும். பிறந்த இடம் தெரிந்தால் எதைக் கழுவுவது, எதை மூடுவது என்று தெரியும். பெயர் பிசகினால், வயிற்று வலிக்குக் காலில் கட்டுப்போட்ட கதைதான். அதனால் ஈயக்கா எந்த அட்டையையும் ஒரே முறை பார்த்துவிட்டு எழுதமாட்டாள். பூதக்கண்ணாடியில் ஒரு முறை பார்ப்பாள். எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பாள். கீழே டயர் உருட்டுகிறவர்களைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்ப்பாள். பிறகு வந்து, யாரோ அப்போதுதான் கொண்டுவந்து கொடுத்ததைப் போல மறுபடியும் பார்ப்பாள். சந்தேகம் என்றால் மூலையிலிருக்கும் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைப்பாள். முதல் பார்வையில் நாம் எதிர்பார்த்த ஈதான் தெரியும். அங்கே ஒட்டியிருக்கும் ஈ இரண்டாவது பார்வைக்குத்தான் வரும். அவளைப் பற்றி மெச்சும்படி ஒன்று சொல்லுங்கள் என்றால் இதைச் சொல்லலாம். வேறு எதைச் சொன்னாலும் மிகைதான்.

கல்யாணம் அவளுக்கு ஒத்துவரவில்லை. போன வேகத்தில் ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அண்ணன் கதவைத் திறந்தான். உள்ளிருந்து வந்த அண்ணி பெட்டியையும் பார்த்தாள், அவள் முகத்தையும் பார்த்தாள். "கை கால் கழுவிட்டு வா, சாப்பாடு ஆறுது" என்றாள். அன்றைக்கும் சரி, பிறகும் சரி, ஏன் வந்தாய் என்று அண்ணி கேட்கவேயில்லை. ஈயக்காவின் தலைமுடியில் இப்போது பாதி வெள்ளை. அந்த ஒரு வாக்கியத்தின் கீழேதான் அவள் இத்தனை காலமும் குடியிருக்கிறாள்.

அண்ணி ஆயத்த ஆடை ஆலை ஒன்றின் உணவுக்கூடத்தில் தலைமைச் சமையல்காரி. காய் நறுக்குகிறவளாகச் சேர்ந்து, பாத்திரம் தேய்த்து, அடுப்பைப் பார்த்து, பெரிய கரண்டி கைக்கு வந்தவள். குரலும் அந்தக் கரண்டி அளவுக்கு இருக்கும். சுத்தம் என்றால் பைத்தியம். சொந்த வீட்டிலேயே செருப்பைக் கழுவி வைக்கிற ஆள்.

நாத்தனாரின் உத்தியோகம் அண்ணிக்குத் தீராத வேடிக்கை.

"கடையில வியாபாரம் இல்லாதவன்தான் ஈ ஓட்டுவான். எங்க வீட்ல ஒருத்தி ஈ ஓட்டறதுக்கே ஆபீஸ் போறா."

"ஓட்டறது இல்ல அண்ணி, பார்க்கறது."

"அது இன்னும் மோசம். ஆமா, இந்தக் குட்டி குட்டியா வருதே, அதெல்லாம் பெரிய ஈயோட குஞ்சுதானே?"

"எத்தனை தடவ சொல்றது? ஈக்கு றெக்கை வந்துட்டா அப்புறம் வளராது. சின்ன ஈ சாகற வரைக்கும் சின்ன ஈதான். அது வேற சாதி."

"றெக்கை முளைச்சதுக்கு அப்புறம் வளராதா? அப்ப உங்க அண்ணன் மாதிரின்னு சொல்லு."

பேருந்துப் பணிமனையிலிருந்து எண்ணெய்க் கையோடு வந்திருந்த அண்ணன், "நான் பாட்டுக்குச் சும்மாதானே இருக்கேன்" என்பான். இது வாரம் ஒருமுறையாவது நடக்கும். அண்ணி மறந்துபோய்க் கேட்கவில்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

அந்த ஆலையும் ஈயக்காவின் நிறுவனத்தை அமர்த்திக்கொண்டபோதுதான் சிக்கல் வந்தது. உணவுக்கூடத்தில் பொடி ஈக்கள் கிளம்பியிருந்தன. அண்ணி எவ்வளவு கழுவியும் அவை குறையவில்லை. ஆலை நிர்வாகி இரண்டு முறை முகம் சுளித்துவிட்டுப் போயிருந்தார். நீல விளக்கு மாட்டப்பட்டது. முதல் அட்டை, பெட்டியின் நடுவில் மற்ற அட்டைகளோடு அட்டையாக, ஈயக்காவின் மேசைக்கு வந்தது.

இடத்தின் பெயரைப் பார்த்ததும் கை நின்றது. இது என் அண்ணியின் சமையலறை என்று மேலாளரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால், இவளால் நேராகப் பார்க்க முடியாது என்று ஆகிவிடும். தன்னால் முடியும் என்று அவள் நம்பினாள்.

பூதக்கண்ணாடியை எடுத்தாள். பொடி ஈக்கள், பழுப்பு நிறம், பக்கவாட்டில் சரிந்து பசையில் புதைந்திருந்தன. பழ ஈ மாதிரி இருந்தது. பழ ஈயின் கண் சிவப்பாக இருக்கும் என்பார்கள். ஆனால் செத்துக் காய்ந்தபின் அந்தச் சிவப்பை நம்ப முடியாது. வழக்கமாக இந்த இடத்தில் அவள் தண்ணீர் குடிக்க எழுந்துவிடுவாள். எழப்போனாள். அப்போதுதான் அந்த எண்ணம் குறுக்கே வந்தது: மறுபடி பார்க்கத் துடிக்கிறாயே, அண்ணியைத் தப்பவைக்க ஏதாவது ஓட்டை கிடைக்குமா என்றுதானே?

எழவில்லை. பேனாவைத் திறந்து எழுதினாள். பழ ஈ. அழுகும் கழிவில் பிறந்திருக்கலாம். குப்பைத்தொட்டியும் துடைக்கும் துணிகளும் கவனிக்கப்படவில்லை. சமையலறைச் சுத்தம் போதாது. எழுதி முடித்ததும் நெஞ்சு கனத்தது. அந்தக் கனத்தையே நேர்மை என்று எண்ணிக்கொண்டாள். வலித்தால் அது நியாயமாகத்தான் இருக்கும் என்று நினைப்பது நல்லவர்கள் வழுக்கி விழும் இடம். முன்பின் தெரியாத ஒரு சமையல்காரியின் அட்டையாக இருந்திருந்தால் அவள் இரண்டு முறை பார்த்திருப்பாள்.

ஆலையில் அண்ணியைப் பெரிய கரண்டியிலிருந்து இறக்கிக் காய் நறுக்கும் மேசைக்கு அனுப்பினார்கள். மாதக் கடைசியில் முடிவு சொல்வதாக நிர்வாகி சொன்னார். என்ன முடிவு என்பது அவர் முகத்திலேயே இருந்தது.

அன்று மாலை அண்ணி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழுவினாள். பையை ஆணியில் மாட்டினாள். கத்தவில்லை.

"நீ எழுதினதா?"

"ஆமா அண்ணி."

"என் துணி அழுக்குன்னு எழுதினியா?"

"அட்டைல என்ன இருந்துச்சோ அத எழுதினேன்."

"சரி" என்றாள் அண்ணி.

அவ்வளவுதான். அந்த வீட்டில் அதற்கு முன் இவ்வளவு சின்னக் குரலை யாரும் கேட்டதில்லை.

அதன்பிறகு பேச்சு முழுக்க அண்ணன் வழியாகத்தான். "சாப்பாடு எடுத்து வெச்சிருக்குன்னு உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க." "எனக்குப் பசிக்கலன்னு அண்ணிகிட்ட சொல்லு." "பசிக்கலன்னாலும் சாப்பிடணும்னு சொல்லுங்க." இரண்டு பேருக்கும் நடுவில் தட்டோடு உட்கார்ந்திருந்த அண்ணனுக்கு ஒருநாள் பொறுக்கவில்லை. "எனக்கு இருக்கறது ஒரே வாய். அத நான் சாப்பிட வெச்சிருக்கேன். வாடகைக்கு விடல."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் கோபத்திலும் அண்ணி நாத்தனாருக்குக் குழம்பின் அடியிலிருந்து கெட்டியாகத்தான் எடுத்து ஊற்றிக்கொண்டிருந்தாள். ஈயக்கா அதைக் கவனித்தாள்.

அடுத்த வாரம் ஒரு மாலை, அண்ணி பாத்திரம் தேய்த்துக்கொண்டே சுவரைப் பார்த்துப் பொருமினாள்.

"தொட்டிய தேய்ச்சாச்சு. துணிய கொதிக்க வெச்சாச்சு. பழக்கூடையவே தூக்கி வெளியில வெச்சாச்சு. தரையில ஒரு நாளைக்கு எத்தனை வாளி தண்ணி ஊத்தறேன்! அந்தச் சனியன் குறையுதா? நான் காய் நறுக்கற பலகை மேலயே குடுகுடுன்னு ஓடுது. கையால விரட்டினாலும் பறக்க மாட்டேங்குது. கால் முளைச்ச மிளகு மாதிரி ஓடுது."

ஈயக்காவின் கை தட்டிலேயே நின்றது.

"அண்ணா, ஓடுதான்னு கேளு."

அண்ணன் பெருமூச்சு விட்டான். "ஓடுதான்னு கேக்கறா."

"எனக்குக் காது நல்லாவே கேக்குது. ஓடுதுன்னுதான் சொன்னேன்."

"பறக்காம ஓடுதான்னு கேளு."

"பறக்காமதான் ஓடுது! என்ன, அதையும் நான்தான் பழக்கி விட்டேன்னு எழுதப் போறாளாமா?"

இத்தனை வருஷமும் ஈயக்கா பார்த்ததெல்லாம் பசையில் செத்த ஈக்கள். முதுகுக் கோடு தெரியும், இறக்கை நரம்பு தெரியும், வயிற்றுக் கட்டம் தெரியும். எது எப்படி நடக்கும் என்பது அட்டையில் கிடையாது. செத்த பிறகு எல்லா ஈக்கும் ஒரே நடைதான். ஆனால் வேலை கற்றுக்கொண்ட நாளில் எங்கோ படித்தது இப்போது நினைவுக்கு வந்தது. பொடி ஈக்களில் ஒரு வகை இருக்கிறது. பழ ஈயின் அளவு, பழ ஈயின் நிறம். தலையைத் தொங்கவிட்டு முதுகைத் தூக்கியிருக்கும். அதனால் அலுவலகத்தில் கூன் ஈ என்பார்கள். அதைப் பயமுறுத்தினால் பறக்காது. விட்டு விட்டு ஓடும்.

காலையில் அலுவலகம் திறந்ததும் அந்த அட்டையைத் தேடி எடுத்து மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தாள். பசையில் சரிந்திருந்தவற்றை ஊசி முனையால் மெல்ல நிமிர்த்தினாள். கூன் முதுகு. பின்தொடை பட்டையாக, தட்டையாக இருந்தது. இறக்கையின் முன்விளிம்பில் மட்டும் தடித்த நரம்புகள். மற்றதெல்லாம் தலைமுடி போல மெலிந்து கிடந்தன. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே. அட்டை முழுக்கத் தேடியும் ஒரு பழ ஈ இல்லை.

பழ ஈ என்றால் சமையல்காரியின் குப்பைத்தொட்டியைச் சொல்லலாம். அட்டை முழுக்கக் கூன் ஈ என்றால் முதலில் பார்க்க வேண்டியது தரைக்கு அடியில், கசிந்து கிடக்கும் கழிவுக்குழாயை. அது ஆலையின் பொறுப்பு.

மேலாளரிடம் போனாள். "ஆலை அட்டைய தப்பா எழுதிட்டேன். கூன் ஈய பழ ஈன்னு போட்டுட்டேன்."

மேலாளர் வந்து குனிந்து பார்த்தார். "கூனுதான். நீங்க எப்படி விட்டீங்க? ரெண்டு தடவ பாக்கற ஆளாச்சே."

"ஒரு தடவதான் பார்த்தேன்."

"ஏன்?"

"அது எங்க அண்ணியோட சமையலறை."

மேலாளர் நிமிர்ந்தார். "சொந்தக்காரங்கன்னா எல்லாரும் பத்து தடவ பாப்பாங்க. நீங்க ஒரு தடவயோட நிறுத்திட்டீங்களா?"

"ஆமா."

"எனக்கு இது புரியல" என்றார் அவர், நாற்காலியில் உட்கார்ந்தபடி. "முன்னாடியே சொல்லியிருந்தா நானே பார்த்திருப்பேன். இப்ப மாத்தினா அண்ணிக்காக மாத்திட்டாங்கன்னுதான் பேசுவாங்க. இனிமே நீங்க என்ன எழுதினாலும் பேசுவாங்க. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"காகிதத்துல திருத்தினா பத்தாது. ஈ வர்ற இடத்தக் காட்டணும். கிளம்புங்க."

அத்தனை வருஷ வேலையில் அட்டை வந்த இடத்துக்கு அவள் நேரில் போனது அதுதான் முதல் தடவை. உணவுக்கூடம் நீளமாக, ஆவி மூட்டமாக இருந்தது. ஓரத்து மேசையில் அண்ணி கத்தியோடு உட்கார்ந்திருந்தாள். பார்த்தாள், பார்க்காத மாதிரி வெங்காயத்தை வெட்டினாள். மேலாளரும் ஆலை நிர்வாகியும் நின்றுகொண்டிருக்க, ஈயக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். ஈயைப் பார்க்க வேண்டுமென்றால் ஈயின் உயரத்துக்கு இறங்க வேண்டியிருந்தது.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒன்று வந்தது. ஓடியது, நின்றது, ஓடியது. எதையோ மறந்துவிட்டவர் வாசல்வரை போய்த் திரும்புவது போலத் திரும்பி ஓடியது. ஈயக்கா தன்னை மறந்து சிரித்துவிட்டாள். ஆயிரக்கணக்கில் பார்த்த ஈயை அன்றுதான் பார்த்தாள். இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று, எல்லாம் கழுவும் தொட்டியின் காலடியிலிருந்து வந்தன. அங்கே தரை ஓடு ஒன்றில் மயிரிழை போல ஒரு விரிசல்.

"ஒரு கண்ணாடி டம்ளர் வேணும்" என்றாள் பொதுவாக.

அண்ணிதான் எழுந்து கொண்டுவந்தாள். "நல்லா பார்த்துக்க. இதையும் அழுக்குன்னு எழுதிடாத."

அண்ணன் இல்லாமல் அண்ணி அவளிடம் நேராகச் சொன்ன சொல். குத்தலாக இருந்தாலும் ஈயக்கா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

டம்ளரை விரிசலின் மேல் கவிழ்த்து வைத்தார்கள். சாப்பாட்டு மணி அடித்து, ஆட்கள் வந்து சாப்பிட்டுப் போனார்கள். கூட்டம் கலைந்தபின் நிர்வாகி வந்து குனிந்தபோது டம்ளருக்குள் நான்கைந்து மிளகுகள் சுவரேறி ஓடிக்கொண்டிருந்தன. விளிம்பு தரையோடு ஒட்டியிருந்ததால் வெளியிலிருந்து ஒன்றும் நுழைய முடியாது. கீழிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

கொத்தனார் வந்து அந்தத் தரை ஓட்டைப் பெயர்த்தார். அடியில் குழாய் விண்டு, மண் கறுத்து, கூழாக ஊறிக் கிடந்தது. நாற்றத்தில் நிர்வாகி கைக்குட்டையை எடுத்தார். அண்ணி மட்டும் நகராமல் நின்று குழியைப் பார்த்தாள்.

"நான் தினமும் ஊத்தின தண்ணியெல்லாம் எங்க போச்சு?" என்றாள் மெதுவாக.

ஈயக்கா தயங்கினாள். "விரிசல் வழியா இங்கதான் அண்ணி."

"அப்ப நான் கழுவக் கழுவத்தான் அது பெருகியிருக்கு."

அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அழப்போகிறாள் என்று ஈயக்கா பயந்தாள். அண்ணி சிரித்துக்கொண்டிருந்தாள்.

நிர்வாகி தொண்டையைச் செருமிக்கொண்டு, நாளையிலிருந்து பழையபடியே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அண்ணி அவருக்கு நன்றி எதுவும் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போனாள், புதிதாக வந்தவள் கையிலிருந்த பெரிய கரண்டியை வாங்கினாள், முதல் வேலையாக அதைக் கழுவினாள்.

மாலையில் வீட்டில் மூன்று தட்டு போட்டாள். அண்ணன் பழக்கதோஷத்தில் நடுவில் வந்து உட்கார்ந்தான்.

"தள்ளி உக்காருங்க. உங்க வாய் இனிமே தேவையில்ல" என்றாள் அண்ணி. பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினாள். "ஒரே ஒரு தடவ பார்த்தியாமே. உங்க மேலாளர் சொல்லி ஆச்சரியப்படறாரு. ஏன்டி?"

"ரெண்டாவது தடவ பார்த்தா உங்களுக்காகப் பார்த்த மாதிரி ஆயிடும்னு நினைச்சேன்."

"எனக்காகப் பார்த்தா ஈ வேற ஈ ஆயிடுமா?"

பெரிய பெரிய புத்தகங்களில்கூட அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் இருப்பதாகத் தெரியவில்லை. பாசம் கண்ணை மறைக்கும் என்றே எல்லோரும் எழுதி வைத்திருக்கிறார்கள். பாசத்துக்குப் பயந்தாலும் கண் மறையும் என்று சொல்ல ஒரு சமையல்காரி வேண்டியிருந்தது.

"இல்ல அண்ணி" என்றாள் ஈயக்கா.

"அப்புறம் என்ன. அடுத்த தடவ எனக்காகவே நல்லா பாரு. தப்பு என் மேலன்னா அப்பவும் எழுது. ஆனா பார்த்துட்டு எழுது." சொல்லிக்கொண்டே குழம்பின் அடியைக் கலக்கி அவள் தட்டில் ஊற்றினாள்.

மேலாளர் சொன்னது போலவே அலுவலகத்தில் சிலர் பேசினார்கள். சொந்தக்காரர்களுக்கு ஈயையே மாற்றித் தருவாளாம் என்றார்கள். கொஞ்ச காலம் அவளுடைய அட்டைகளை மேலாளரும் ஒரு முறை பார்த்தார். ஈயக்காவுக்கு அது உறுத்தத்தான் செய்தது. இருந்தும் அட்டையை அவர் பக்கம் அவளே நகர்த்தி வைத்தாள். மூன்றாவது பார்வை இருந்தால் நல்லதுதான்.

பிறகு ஆலையின் அட்டை வந்த ஒரு நாள், அவள் வீட்டுக்குள் நுழையும்போதே சொன்னாள்.

"அண்ணி, உங்க அட்டைல இந்த வாரம் ஒண்ணே ஒண்ணு. மேலாளரும் பார்த்துட்டார். வாசல் வழியா வந்த வீட்டு ஈ."

"சின்னதா, பெரிசா?"

"பெரிசு."

"பாவம், குஞ்சு வளர்ந்துடுச்சு" என்றாள் அண்ணி, முகத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லாமல்.

தன் வாயைக் கிளறத்தான் அண்ணி சொல்கிறாள் என்று தெரியும். அண்ணனும் தலையைக் குனிந்துகொண்டு காத்திருக்கிறான் என்று தெரியும். தெரிந்தும் ஈயக்கா பையைக் கீழே வைத்தாள், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள்:

"எத்தனை தடவ சொல்றது அண்ணி, ஈக்கு றெக்கை வந்துட்டா..."